அரிட்டாபட்டி: 193 ஹெக்டேருக்குக் கிடைத்த பட்டமும் 5,000 ஏக்கருக்கு நடந்த போராட்டமும்

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை அரசு அறிவித்தது 2022 நவம்பர் 22 அன்று. இரண்டு வருடம்கூட முழுசாக முடியவில்லை, 2024 நவம்பர் 7 அன்று அதே ஊரையும் சேர்த்து ஒரு டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்துவிட்டதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. அங்கிருந்து 77ஆவது நாள், 2025 ஜனவரி 23 அன்று, அந்த ஏலத்தை அதே அமைச்சகமே ரத்து செய்தது. ஒரு மத்திய அரசு ஏலம் இவ்வளவு சீக்கிரம் பின்வாங்கப்படுவது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

இந்தக் கதையைப் பலரும் அரசியல் கதையாகச் சொல்லிவிட்டார்கள், யாரால் ரத்தானது என்று கட்சிகளுக்குள் சண்டையும் நடந்து முடிந்துவிட்டது. எனக்கு அதில் அக்கறை குறைவு. ஒரு நிலத்தைப் பாதுகாப்பது என்றால் எதைப் பாதுகாப்பது, எதுவரை பாதுகாப்பது, அதனால் அங்கே குடியிருக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது, இந்த மூன்று கேள்விக்கும் அரிட்டாபட்டி அளவுக்குத் தெளிவாகப் பதில் வைத்திருக்கிற ஊர் நம் பக்கத்தில் வேறு இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மலையும் தண்ணீரும்

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் இடது பக்கம் மொட்டை மொட்டையாகப் பாறைக் குன்றுகள் தெரியும். அரிட்டாபட்டியைச் சுற்றி அப்படி ஏழு குன்றுகள். அறிவிக்கப்பட்ட தலத்தின் பரப்பு மொத்தம் 193.215 ஹெக்டேர், அரிட்டாபட்டியில் 139.63, பக்கத்து மீனாட்சிபுரத்தில் 53.58. அரசு அறிவிப்பில் இந்தப் பகுதிக்கு 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று கணக்கு இருக்கிறது. பறவைகள் சுமார் 250 வகை. அதில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி என்ற மூன்று வேட்டைப் பறவைகள் முக்கியமானவை. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு.

பட்டியலைப் படித்தால் பிரமிப்பாக இருக்கும், சரி. ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள நாம் பார்க்க வேண்டியது தண்ணீர் நகரும் வழியை. மதுரை மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்யும் மழை தோராயமாக 85 சென்டிமீட்டர், அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில வாரத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் தை அறுவடை. மொட்டைப் பாறை தண்ணீரை உறிஞ்சாது. வீட்டு ஓட்டில் விழுந்த மழை தாழ்வாரத்து அண்டாவுக்கு வருகிற மாதிரி, குன்றில் விழுந்தது அப்படியே அடிவாரத்துக்கு வந்துவிடும். ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 1 லட்சம் லிட்டர். 193 ஹெக்டேருக்குக் கணக்குப் போட்டால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 1.93 கோடி லிட்டர். அவ்வளவும் கண்மாய்க்கு வந்து சேராது, கொஞ்சம் சுனையில் தங்கும், கொஞ்சம் ஆவியாகும், அடிவாரத்து மண்ணில் இறங்குவது கிணற்றுக்குப் போகும். மிச்சம் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு.

அந்தக் கண்மாய் நிறைந்தால் கலுங்கில் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. மேலூர்ப் பக்கம் கண்மாய்கள் தனித்தனியாகக் கிடையாது, ஒன்றின் கலுங்குதான் இன்னொன்றின் வரத்து. பாண்டியர் ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாக அரசு அறிவிப்பு சொல்லும் ஆனைகொண்டான் கண்மாயும் இந்தக் கோர்வையில் ஒன்று. நடுவில் ஒரு வரத்துக்காலை அடைத்தால் அடி வாங்குவது அந்த ஊர் மட்டும் இல்லை, கீழே இருக்கிற எல்லா ஊரும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த எல்லாமே இதில்தான் வந்து நிற்கிறது.

கண்மாய் என்றால் பாசனம் மட்டும் இல்லை என்பதற்கு மீன்பிடித் திருவிழா ஒன்று போதும். கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஒருநாள் குறித்து, மேலூர் வட்டாரக் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். இருட்டோடு வந்து காத்திருந்த கூட்டம், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்த்து, ஊத்தா, கச்சா, வலை, எதுவும் இல்லாவிட்டால் பழைய சேலை என்று கையில் இருப்பதோடு ஒரே நேரத்தில் இறங்கும். கெண்டையோ கெளுத்தியோ விராலோ, சிக்கியதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பதுதான் வழக்கம், விலைக்கு விற்பதில்லை. மழையும் விளைச்சலும் வேண்டித்தான் இந்தத் திருவிழாவே. ஊர்ப் பொதுச்சொத்து என்று ஒன்று இருப்பதை ஒரு சின்னப் பையன் சேற்றில் கால் புதைந்து கற்றுக்கொள்கிற இடம் அது.

கல்லில் எழுதி வைத்த ஊர்

வரலாற்றையும் விட்டுவிட முடியாது. மீனாட்சிபுரம் மலையில் இருக்கிற, மாங்குளம் கல்வெட்டுகள் என்று பெயர்பெற்ற தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் சேர்ந்தவை, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. ராபர்ட் சீவெல் 1882இல் கவனத்துக்குக் கொண்டுவந்தவை. சமணத் துறவிகளுக்குக் குகையில் கற்படுக்கை செய்து கொடுத்தவர்கள் பட்டியலில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் ஆளும் இருக்கிறார், வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழுவும் இருக்கிறது. அரிட்டாபட்டி கழிஞ்சமலையில் பாறையைக் குடைந்த பாண்டியர் காலச் சிவன் கோயில், லகுலீசர் சிற்பம், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், வட்டெழுத்துக் கல்வெட்டு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். மேலே வல்லூறு கூடு, கீழே தமிழி, அதற்கும் கீழே நெல் வயல். இந்த மூன்றையும் தனித்தனித் துறைகள் தனித்தனிக் கோப்பில் வைத்திருக்கின்றன என்பது நம் நிர்வாகத்தின் பெரிய கோளாறு.

கிரானைட் கற்றுக்கொடுத்தது

டங்ஸ்டன் அறிவிப்பு வந்ததும் மேலூர்ச் சனம் அப்படிக் கொந்தளித்ததற்குக் காரணம் டங்ஸ்டன் இல்லை, கிரானைட். கிரானைட் வெட்டிய கீழவளவு, கீழையூர்ப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும் ஆழக் குழி, அதைச் சுற்றி விலைபோகாத கற்பாளங்கள் மலை மலையாக. மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் கிரானைட் முறைகேட்டால் வந்த இழப்பை 16,338 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். பிறகு 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் கொடுத்த அறிக்கையில் அந்தத் தொகை 1 லட்சம் கோடியைத் தாண்டியது.

கோடிக் கணக்கு தலைப்புச் செய்திக்குச் சரி. ஊர்க்காரருக்கு விளங்கிய கணக்கு வேறு: வரத்துக்காலில் கல் கொட்டினால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது, கண்மாய் காய்ந்தால் கிணறு கீழே போகும், கிணறு போனால் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் மலையைக் குவாரிக்கு விடாமல் தடுத்து வைத்திருந்தது இந்தப் பாடத்தைப் பக்கத்து ஊர்களில் கண்ணால் பார்த்ததால்தான். 2022இல் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்க அங்கே ஏதோ மிச்சம் இருந்தது என்றால், அதற்கு முந்தைய வருஷங்களில் ஊர் காவல் இருந்ததுதான் காரணம். பட்டம் பிறகுதான் வந்தது.

பட்டத்தால் என்ன வந்தது

பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்பது 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 37ஆவது பிரிவில் வருகிறது. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்து மாநில அரசு அறிவிக்கலாம். இந்தியாவில் முதலில் இப்படி அறிவிக்கப்பட்டது 2007இல், பெங்களூருக்குப் பக்கத்தில் நல்லூர்ப் புளியந்தோப்பு.

ஊருக்குள் இந்த மாதிரி அறிவிப்பு வருகிறது என்றதும் முதலில் எழும் கேள்வி ஆடு மாடு மேய்க்கலாமா, விறகு பொறுக்கலாமா, மலைமேல் இருக்கிற சாமிக்குப் பொங்கல் வைக்கலாமா என்பதுதான். நியாயமான பயம். சரணாலயம் என்று அறிவித்த இடங்களில் காலங்காலமாக மேய்த்தவர்கள் திடீரென்று அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிவிட்ட அனுபவம் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் அந்த வகை இல்லை. தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதலே, மக்களாக விரும்பி முடிவு செய்வதைத் தவிர அவர்களுடைய நடைமுறை வழக்கங்களுக்கு எந்தத் தடையும் விதிக்கக் கூடாது, அவர்கள் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதுதான் நோக்கம் என்கிறது. அறிவிப்பால் யாருக்காவது பொருளாதார இழப்பு வந்தால் ஈடு செய்ய மாநில அரசு திட்டம் போட வேண்டும் என்று 37(3)இல் இருக்கிறது. மக்களோடு சேர்த்து நிலத்தைக் காப்பாற்ற நம்மிடம் இருக்கிற சட்டங்களில் இதைவிட நல்ல மனசோடு எழுதப்பட்ட ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பலவீனமும் அதிலேயே இருக்கிறது. சுரங்கம் தோண்டக் கூடாது என்று அந்தப் பிரிவு நேராகச் சொல்வதில்லை. வனச் சட்டம், வனவிலங்குச் சட்டம் மாதிரி குறுக்கே நின்று தடுக்கும் பலம் அதற்குக் கிடையாது. தலத்தைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்கு இன்னது கூடாது என்ற வளையமும் தானாக வராது. அந்த ஓட்டை வழியாகத்தான் ஏலம் உள்ளே வந்தது.

2,015 ஹெக்டேர்

2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. டங்ஸ்டன் தேவையான பொருள்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. 3,422 டிகிரி செல்சியஸ் வரை உருகாத உலோகம், வெட்டுக் கருவிகளுக்கும் ராணுவத் தளவாடத்துக்கும் வேண்டியிருக்கிறது, உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. ஆனால் டங்ஸ்டன் தாதுவில் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்குகூட அந்தப் பொருள் தேறாது. மீதி தொண்ணூற்றொன்பதும் எங்கே போய்க் கொட்டப்படும் என்று கீழவளவைப் பார்த்தவரிடம் கேட்கத் தேவையில்லை.

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயர் வைத்த பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நாயக்கர்பட்டி, அ. வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு என்று வரிசையாக ஊர்கள். நரசிங்கம்பட்டியில் பெருமாள்மலையை ஒட்டிப் பெருங்கற்கால ஈமக்காடு வேறு இருக்கிறது. கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தனித் தீர்மானம் நிறைவேறியது. மாநில அரசு ஆரம்பத்திலேயே எதிர்த்தது என்று சென்னையும், ஏலம் நடந்த காலம் முழுக்க ரத்து செய்யும்படி கேட்கவில்லை என்று டெல்லியும் மாறி மாறிச் சொன்னார்கள். என் கருத்து எளிது: பல்லுயிர்த் தலம் உள்ளே இருப்பது இரண்டு பக்கத்துக் கோப்பிலும் தெரிந்திருந்தது, இருந்தும் ஏலம் போனது, ஊர்க்காரர்களுக்குப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. நிலத்தில் உழுகிறவரிடம் கடைசியாகச் சொல்வது என்ற பழக்கம் கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரிடமும் இருக்கிறது.

இந்த விவகாரத்திலேயே ரொம்ப முக்கியமான திருப்பம் டிசம்பர் 24. பல்லுயிர்த் தலத்தை விலக்கிவிட்டு எல்லையை மறுபடி வரைய முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தை மத்திய அரசு கேட்டுக்கொண்டது. கணக்குப்படி பார்த்தால் சலுகை மாதிரிதான் தெரியும். பாதுகாக்கப்பட்டது 193 ஹெக்டேர், அதை எடுத்துவிட்டால் பாதுகாப்புக்கும் பங்கம் இல்லை, மிச்சம் 1,800 ஹெக்டேரில் வேலையும் நடக்கும். நகரத்தில் உட்கார்ந்து பார்த்த சிலருக்குக்கூட இது நல்ல சமரசமாகத் தெரிந்தது.

ஊர்கள் ஏற்கவில்லை. முழுசாக ரத்து, அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்றார்கள். அரிட்டாபட்டி தன் மலை தப்பித்ததே என்று ஒதுங்கிக்கொண்டிருக்கலாம், ஒதுங்கவில்லை. இதைப் பிடிவாதம் என்று எழுதியவர்கள் கண்மாய்க் கோர்வையைப் பார்க்காதவர்கள். மலையை விட்டுவிட்டு அடிவாரத்தைத் தோண்டினால் மலையில் விழும் தண்ணீர் குழிக்குள் போகும், கண்மாய்க்குப் போகாது. திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை நடக்க வேண்டுமென்றால் ஊற்றுத் தண்ணீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இறைக்க இறைக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கும். வல்லூறு கூடு கட்டுவது பாறை இடுக்கில் என்றாலும் அது இரை தேடுவது வயலிலும் மேய்ச்சல் காட்டிலும். 193 ஹெக்டேரை மட்டும் வேலி போட்டு நிறுத்தினால் கொஞ்ச வருஷத்தில் அங்கே பாறையும் பெயர்ப்பலகையும்தான் மிஞ்சும்.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் நோக்கிக் கூட்டம் கிளம்பியது. நடந்தும் வண்டிகளிலும் டிராக்டர்களிலுமாக ஆயிரக்கணக்கானவர்கள், கைப்பிள்ளையோடு பெண்கள், தடி ஊன்றிய கிழவர்கள். பலர் ஏலப் பரப்புக்குள் ஒரு குழி நிலம்கூட இல்லாதவர்கள், ஆனால் தங்கள் கண்மாய்க்கு மேலே யார் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள். அதற்காகப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லி போய்ச் சுரங்கத் துறை அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள் ரத்து.

அப்புறம்?

பாதுகாப்பால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் எப்போதும் சுற்றுலா வருமானத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அரிட்டாபட்டியில் உண்மையான லாபம் கையில் வந்து விழுகிற காசாகத் தெரியாது. தை மாதம் வரை மடையில் தண்ணீர் இருப்பது லாபம். வீட்டுக் கிணற்றில் சித்திரையிலும் வாளி நனைவது லாபம். நிலம் இல்லாதவர் பத்து ஆட்டை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்க மலையடிவாரப் புல் இருப்பது லாபம், இதைத்தான் எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் அந்த ஆட்டுக்காரர் பெயரில் பட்டா இல்லை. ராசாளியும் வல்லூறும் ஆந்தையும் வயல் எலியைக் குறைத்துக் கொடுக்கின்றன. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: மதுரை மாவட்ட விவசாயிகளுக்கு மயில் ஒரு தீராத தொல்லை, நிலக்கடலையும் நெல்லும் அதனிடம் படும் பாட்டைப் பார்த்தவர்கள் பறவைப் பட்டியலைப் பார்த்து மட்டும் சந்தோஷப்பட மாட்டார்கள். பல்லுயிர் என்று பெருமைப்படுகிற அரசு, பயிர்ச் சேதத்துக்கு அலையவிடாமல் இழப்பீடு தருவதையும் அதே வேகத்தில் செய்ய வேண்டும்.

சுற்றுலாவைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம்தான். போராட்டத்தால் பெயர் பரவிய பிறகு வார இறுதியில் பாறைமேல் ஏறிப் பாட்டில் உடைக்கிற கூட்டமும், கற்படுக்கையில் பெயர் செதுக்குகிற கூட்டமும் வரும் என்பதற்கு மதுரையைச் சுற்றி இருக்கிற மற்ற சமணக் குன்றுகளே சாட்சி. வல்லூறு கூடு வைத்திருக்கிற மாதங்களில் அந்தப் பாறைப் பக்கம் ஆள் போகக் கூடாது என்பதை ஊரே முடிவு செய்து ஊரே அமல்படுத்துவதுதான் நடக்கக்கூடிய காரியம். வழிகாட்டி வேலை, வாகன நிறுத்தக் கட்டணம், சாப்பாடு என்று வருகிற கொஞ்சம் காசும் ஊருக்கு வெளியே போகாமல் இருக்க வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் ஏலம்தான் ரத்தானதே தவிர, அந்த நிலத்துக்குப் புதிதாக எந்தப் பாதுகாப்பும் வந்துவிடவில்லை. அறிவிக்கப்பட்ட தலத்துக்கு வெளியே இருக்கிற ஆயிரத்து எண்ணூறு ஹெக்டேர் 2024 நவம்பர் 6 அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் முல்லைப் பெரியாறு ஒருபோக பாசனத்தில் மட்டும் 85,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. காவிரி டெல்டாவுக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்த மாதிரி இங்கேயும் வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். கேட்பது சரி. அந்தச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் கனிமச் சுரங்கத்தையும் தெளிவாகச் சேர்த்தால்தான் அது இங்கே உதவும்.

இதற்கிடையில் 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில், அழகர்மலைக் காட்டுக்குப் பக்கத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற வீரகோவில் காட்டை இரண்டாவது தலமாக அறிவித்தார்கள். 4.97 ஹெக்டேர். சாமிக்குப் பயந்து ஒரு சுள்ளிகூட எடுக்காமல் விட்ட காடு என்பதால் பிழைத்தது. அறிவித்தது நல்ல விஷயம், ஆனால் அந்த ஐந்து ஹெக்டேருக்கு மழைத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த இடம் யார் கையில் இருக்கிறது என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைக்கிற இடம் ஏற்கனவே இருக்கிறது. அதே சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் இந்தக் குழு காகிதத்தில் இருக்கிறது, யார் உறுப்பினர் என்று உறுப்பினருக்கே தெரியாது. பதிவேட்டில் மூலிகைப் பெயர், மரப் பெயரோடு நிறுத்தாமல் வரத்துக்கால், கலுங்கு, சுனை, மேய்ச்சல் தடம், கோயில் காடு எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு சேர்க்கலாம். நாளைக்கு ஒரு வரைபடத்தோடு யாராவது வந்தால் எதிரே வைக்க ஊரிடமும் ஒரு வரைபடம் இருக்கும். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற தேதியில் போய் உங்கள் ஊர்ப் பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் கண்மாயின் வரத்துக்கால் இல்லை என்றால் அன்றைக்கே சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள், தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.